இறக்கையிலிருந்து வடிந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி இரவில், டொராண்டோவில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். முனையத்தை விட்டு நகர்ந்த விமானம் ஓடுபாதைக்குச் செல்லாமல், வெட்டவெளியில் விளக்குகள் எரியும் அகன்ற தளம் ஒன்றில் போய் நின்றது. இருபுறமும் நெடிய கை பொருத்திய வண்டிகள் வந்தன. கையின் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு மனிதர். சற்று நேரத்தில் என் ஜன்னல் ஆரஞ்சு நிறமாக மாறியது. ஆவி பறக்கும் திரவம் இறக்கையின் மேல் பாய்ந்து, படிந்திருந்த பனியைக் கரைத்துக்கொண்டு கீழே கொட்டியது. அது முடிந்ததும் பச்சை நிறத்தில், கஞ்சி போன்ற கெட்டியான வேறொரு திரவம். பக்கத்து இருக்கையில் யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பிளேனுக்கு முழுக வாக்கினமோ?" என்றார். எனக்குத் தெரிந்த அளவில் விளக்கம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "அது சரி. இவ்வளவும் வழிஞ்சு எங்கை போகுது?" என்று கேட்டார்.

அன்று அதற்கு என்னிடம் பதில் இல்லை. தமிழ் கற்பிப்பவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஊர் வந்து சேர்ந்த பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. அவ்வப்போது படித்துச் சேர்த்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பனிநீக்கித் திரவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக இறக்கைக்கு மேலே நடந்ததைத்தான் எழுதுகிறார்கள். இறக்கைக்குக் கீழே நடந்தது நெடுங்காலம் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

முதலில் ஒரு சொற்சிக்கல். நம் மொழியில் முன்பனியும் பின்பனியும் பெரும்பொழுதுகள். வைகறையில் புல்நுனியில் நிற்பதும் பனி, மலைச்சரிவில் மூடுவதும் பனி, இமயத்தில் உறைந்து கிடப்பதும் பனி. வானிலிருந்து கல்லாக விழுவதற்கு மட்டும் ஆலி, ஆலங்கட்டி என்று தனிப்பெயர் வைத்தோம். விமானிக்கு இந்தச் சிக்கனம் போதாது. பஞ்சு போல் இறங்கும் வெண்பனி வேறு; கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கே தெரியாத தெளிபனி வேறு; தரையில் பாதி உருகிக் கிடக்கும் பனிச்சேறு வேறு. இவற்றைப் பிரித்தறியாததால் ஒருவருடைய வாழ்க்கையே அழிந்த கதையைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

இறக்கையின் மேற்பரப்பில் காற்று வழுக்கிச் செல்லவேண்டும். அந்த வழவழப்பிலிருந்துதான் விமானத்தைத் தூக்கும் விசை பிறக்கிறது. உப்புத்தாள் அளவுக்கு மெல்லிய, சொரசொரப்பான பனிப்படலம் படிந்தாலே தூக்குவிசை 30 விழுக்காடு வரை குறையலாம், இழுவை 40 விழுக்காடு வரை கூடலாம் என்று வான்போக்குவரத்து நூல்கள் சொல்கின்றன. பனியின் எடையைவிட அது இறக்கையின் வடிவத்தைக் கெடுப்பதே பேராபத்து. தொடக்ககாலத்தில் துடைப்பத்தால் பெருக்கினார்கள். பிறகு சாராய வகைத் திரவங்களையும், கடைசியில் கிளைகாலையும் தெளித்தார்கள்.

1850களில் பிரெஞ்சு வேதியியலாளர் அடால்ஃப் வூர்ட்ஸ் உருவாக்கிய பொருள் அது. கிளிசரினுக்கும் ஆல்கஹாலுக்கும் இடைப்பட்டதாக அதைக் கண்ட அவர், கிளிசரினின் தலையையும் ஆல்கஹாலின் வாலையும் சேர்த்துக் கிளைகால் என்று பெயர் வைத்தார். கிளிசரின் என்ற சொல்லின் வேர் இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பொருளும் இனிக்கும். எத்திலீன் கிளைகாலின் கொடுமையே அந்த இனிப்புதான். கார்க் கொட்டகையில் சிந்திக் கிடப்பதை நாய்கள் நக்கிச் சாகின்றன, குழந்தைகளும் ஏமாந்திருக்கிறார்கள். நீரில் கலந்தால் உறையும் வெப்பநிலையைப் பல டிகிரி கீழே தள்ளிவிடும் என்பதுதான் விமான நிலையத்துக்கு அதனால் ஆகும் பயன்.

*

1958 பிப்ரவரி 6. மியூனிக் நகரின் ரீம் விமான நிலையம். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் குழு ஏறியிருந்த விமானம் மூன்றாவது முறையாகப் பறக்க முயன்று, எழும்ப முடியாமல் ஓடுபாதையைத் தாண்டி ஒரு வீட்டில் மோதியது. இறந்தவர்கள் 23 பேர். உயிர் பிழைத்த தலைமை விமானி ஜேம்ஸ் தேன் மீது ஜெர்மானிய விசாரணை குற்றம் சாட்டியது: இறக்கையில் உறைபனி இருந்தது, அதை நீக்காமல் புறப்பட்டீர். விபத்து நடந்து சில மணி நேரம் கழித்து, சிதைந்த இறக்கையின் மேல் பனி மூடியபிறகு பார்த்த ஒருவரின் சாட்சியம் அதற்கு ஆதாரம். பனி படிந்திருப்பதுபோல் தோன்றிய ஒரு நிழற்படமும் காட்டப்பட்டது. அதன் மூலச்சுருளைப் பின்னர் ஆராய்ந்தபோது இறக்கையில் பனியே இல்லை. ஓடுபாதையில் தேங்கிக் கிடந்த பனிச்சேறுதான் சக்கரங்களைப் பிடித்து இழுத்தது என்று நிறுவ தேன் பத்தாண்டு போராடினார். வேலை போய்விட்டது, கோழிப்பண்ணை வைத்திருந்தார். 1969இல் வெளியான பிரிட்டிஷ் அறிக்கை அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. 1975இல் இறந்துபோனார். ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளவே இல்லை.

இறக்கையின் மேல் இருக்கும் பனி என்பது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டாக முடியும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். மியூனிக் மறுபடியும் வரும்.

பிந்தைய விபத்துகளின் இயல்பு வேறு. அவற்றில் சிலவற்றில் திரவம் தெளிக்கப்பட்டிருந்தது. தெளித்த பிறகு போன நேரமே எமனாயிற்று. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஏர் ஃபுளோரிடா விமானம் பனி நீக்கியபின் 49 நிமிடம் கொட்டும் பனியில் காத்திருந்து, பிறகு எழுந்து, பாலத்தில் மோதிப் போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் 78 பேர். அவர்களில் 4 பேர் பாலத்தில் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். (அந்த விபத்தில் பொறிகளின் பனித்தடுப்பு அமைப்பை இயக்காமல் விட்ட தவறும் சேர்ந்திருந்தது.) 1987 நவம்பர் 15இல் டென்வரின் ஸ்டேபிள்டன் நிலையத்தில் 27 நிமிடக் காத்திருப்புக்குப் பின் 28 பேர். 1992 மார்ச் 22இல் நியூயார்க்கின் லகார்டியாவில், இரண்டு முறை திரவம் தெளித்தும், இரண்டாவது தெளிப்புக்குப் பின் ஏறத்தாழ 35 நிமிடம் கழிந்திருந்ததால் 27 பேர்.

இவற்றுக்கு நடுவே கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டிரைடன் என்ற சிற்றூர். 1989 மார்ச் 10. ஏர் ஒன்டாரியோவின் சிறிய ஜெட் விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்படவேண்டும். பனி விழுந்துகொண்டிருந்தது. விமானத்தின் துணைப் பொறி பழுதாகியிருந்ததால் முதன்மைப் பொறிகள் இரண்டையும் நிறுத்திவிட்டால் மறுபடி இயக்க அந்த ஊரில் வழியில்லை. பொறி ஓடும்போது திரவம் தெளிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆக, தெளிக்கவில்லை. பயணிகள் ஜன்னல் வழியே இறக்கையில் பனி படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பணியில் இல்லாத விமானிகள் இருவரும் இருந்தனர். விமானியறைக்குத் தெரியாமலா இருக்கும் என்று அவர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். 69 பேரில் 24 பேர் இறந்தனர்.

அதன்பின் நீதிபதி வெர்ஜில் மொஷான்ஸ்கி தலைமையில் அமைந்த ஆணையம் விமானியின் மேல் பழியைப் போட்டுக் கோப்பை மூடவில்லை. விமானம் ஏன் அந்த ஊரில் அந்த நிலையில் நிற்க நேர்ந்தது என்று நிறுவனத்தையும் அரசுத் துறையையும் துருவியது. 1992இல் வந்த இறுதி அறிக்கையில் 191 பரிந்துரைகள். தேனுக்குக் கிடைக்காத நீதி முறை இது என்று படிக்கையில் தோன்றியது. திரவம் தெளிக்கும் இடம் முனையத்தின் வாசலில் இருக்கக் கூடாது, ஓடுபாதைக்கு அருகில் இருக்கவேண்டும் என்ற கருத்துக்கு இவ்வாணையத்தால் பெரும் வலு கிடைத்தது. தெளித்த இடத்துக்கும் எழும் இடத்துக்கும் இடையே உள்ள நேரம்தான் கொல்கிறது என்றால் அந்த இடைவெளியைக் குறுக்குவதுதானே தீர்வு?

இந்த ஓர் எளிய உண்மையைத்தான் இக்கட்டுரையின் அச்சாணியாகக் கருதுகிறேன். பயணியின் உயிருக்காகச் செய்த இட மாற்றம், யாரும் முதலில் எண்ணாத வகையில் ஓடைமீனுக்கும் உதவியது.

*

உதவுவதற்கு முன் நிலைமை கெட்டது. லகார்டியா விபத்துக்குப் பின் அமெரிக்காவில் 1992 நவம்பரிலிருந்து கடுமையான விதிகள் நடைமுறைக்கு வந்தன. பனி நீக்கியபின் இத்தனை நிமிடம் செல்லும் என்ற அட்டவணை, கடந்தால் மறுபடி பரிசோதனை, ஐயமிருந்தால் மறுபடி தெளிப்பு. வட அமெரிக்காவில் அதுவரை பெரிதும் வழங்கியது ஆரஞ்சு நிறம் ஊட்டப்பட்ட மெல்லிய முதல் வகைத் திரவம். அறுபது டிகிரிக்கு மேல் சுடவைத்து அடிப்பது. பனியைக் கரைப்பதோடு அதன் வேலை முடிந்தது. மீண்டும் பனி படியாமல் காக்கக் கெட்டியான வகைகள் பரவின. பச்சை நிறத்து நான்காம் வகை அவற்றில் ஒன்று. கெட்டித்தயிர் சட்டியில் அசையாமல் நிற்கும். கலக்கினால் தளர்ந்து ஓடும். அதே குணம் இதற்கும். நிற்கும் விமானத்தில் போர்வையாக ஒட்டியிருந்து, ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் காற்றின் உராய்வில் தளர்ந்து வழிந்துவிடும். உயிர்கள் காப்பாற்றப்பட்டன. தெளிக்கும் அளவும் ஏறியது. கடும் பனிநாளில் ஒரு பெரிய விமானத்துக்கே ஆயிரக்கணக்கான லிட்டர் ஆகும்.

மூதாட்டியின் கேள்விக்கு 1980கள் வரையிலான பதில் இதுதான்: முனையத்தின் வாசலில் கொட்டி, மழைநீர் வடிகாலில் இறங்கி, அருகிலிருந்த ஓடையில் சேர்ந்தது. ஓடையில் விழுந்த கிளைகால் அழிந்துவிடும் என்பது உண்மைதான். நுண்ணுயிரிகள் அதை விரும்பி உண்கின்றன. ஆனால் உண்ணும்போது நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியையும் சேர்த்து உண்டுவிடுகின்றன. ஒரு லிட்டர் புரோப்பிலீன் கிளைகால் முழுவதும் சிதைய ஏறக்குறைய 1.7 கிலோ உயிர்வளி வேண்டும். உறைநிலைக்கு அருகிலுள்ள தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் உயிர்வளி இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு லிட்டர் திரவம், 1,20,000 லிட்டர் ஓடைநீரின் மூச்சை முழுதாக நிறுத்த வல்லது. வீட்டுச் சாக்கடையைவிடப் பல ஆயிரம் மடங்கு கடுமை. பனிக்காலத்தில் பனியோடு உறைந்து கிடந்து, வெயில் வந்ததும் ஒரே நாளில் உருகிப் பாயும்போது ஓடை என்ன செய்யும்?

இதில் ஒரு முரண் இருக்கிறது. எத்திலீன் கிளைகால் நஞ்சு என்பதால் 1990களில் அமெரிக்க நிலையங்கள் பெருமளவில் புரோப்பிலீன் கிளைகாலுக்கு மாறின. இது மருந்திலும் உணவிலும்கூடச் சேர்க்கப்படும் சாது. ஆனால் ஓடையில் எடைக்கு எடை எத்திலீனைவிட அதிக உயிர்வளியை விழுங்குவது இந்தச் சாதுதான். மனிதனுக்கு நல்லதாக மாற்றியது மீனுக்குக் கூடுதல் சுமையாயிற்று. கனடா பெரும்பாலும் எத்திலீனிலேயே நின்றுவிட்டது. ஆனால் 1994இல் தன் விமான நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் கிளைகால் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்று வரம்பு வகுத்தது.

கிளைகால் மட்டுமே குற்றவாளி என்றும் சொல்ல முடியாது. திரவத்தில் அரிப்பைத் தடுக்கவும், நுரையை அடக்கவும், கெட்டிப்படுத்தவும் சேர்க்கைகள் உண்டு. அவை தயாரிப்பாளர்களின் வணிக ரகசியம். மில்வாக்கி விமான நிலையத்திலிருந்து நீர் இறங்கும் வில்சன் பார்க் ஓடையை அமெரிக்க நிலவியல் அளவைத் துறையினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நீர்வாழ் உயிர்கள் மடிவதற்குக் கிளைகால் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று தெரிந்தது. அரிப்புத் தடுப்பிகளான பென்சோடிரையசோல் வகைச் சேர்மங்களை ஆய்வாளர்கள் திரவத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் அடையாளம் காணவேண்டியிருந்தது. போத்தலின் மேல் எழுதப்படாத ஒன்று, ஓடையில் எழுதப்பட்டிருந்தது.

*

இப்போது மியூனிக். 1992 மே 17 அன்று ரீம் நிலையம் மூடப்பட்டு, ஒரே இரவில் எல்லாம் இடம் மாறி, நகருக்கு வடகிழக்கே சதுப்புநிலப் பகுதியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. ஓடுபாதைகளின் முனையில் பனிநீக்கும் தளங்களை அமைத்தார்கள். விமானம் ஓடுபாதைக்குள் நுழையும் முன் அங்கே நிற்கும், தெளிப்பார்கள், சில நிமிடங்களில் எழும்பிவிடும். அறுபது இடங்களில் சிதறி வழிந்தது ஒரே இடத்தில் வழியத் தொடங்கியதும் அதைப் பிடிப்பது எளிதாயிற்று. தளத்துக்கு அடியில் வடிகால், வடிகாலுக்கு அப்பால் தொட்டி, தொட்டிக்கு அப்பால் சுத்திகரிப்பு. அங்கே மீட்ட கிளைகாலைக் கொண்டு முதல் வகைத் திரவம் மீண்டும் தயாரிக்கப்பட்டு, மீண்டும் இறக்கைக்கே போகிறது. பனியின் பேரால் ஒரு விமானியைத் தண்டித்த நகரம், பனிநீக்கித் திரவத்தைத் திரும்பப் பயன்படுத்துவதில் முன்னோடியானது தற்செயல்தான். வரலாற்றில் தற்செயலுக்கும் இடம் உண்டு.

மற்றவையும் இதே வழியில் வந்தன. ஸ்டேபிள்டனுக்கு மாற்றாக 1995 பிப்ரவரியில் திறக்கப்பட்ட டென்வர் நிலையத்தில் பனிநீக்கும் தளங்களும், நிலையத்துக்குள்ளேயே கிளைகாலை வடித்தெடுக்கும் ஆலையும் இருக்கின்றன. (பயணப்பெட்டிகளைக் கொண்டுபோகும் தானியங்கி அமைப்பு சொதப்பியதால் திறப்பு விழா பலமுறை தள்ளிப்போய் உலகமே சிரித்த நிலையம் அது. வடிகால்களைப் பற்றி யாரும் செய்தி எழுதவில்லை.) 1999இல் டொராண்டோவில் திறக்கப்பட்ட ஆறு தடங்கள் கொண்ட மையத் தளம் உலகிலேயே பெரியது. நான் ஆரஞ்சு ஜன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருந்தது அங்கேதான். விமானம் பொறிகளை நிறுத்தாமலேயே அங்கே தெளிப்பை ஏற்றுக்கொள்கிறது. டிரைடனில் எது முடியாது என்று கைவிட்டார்களோ, அதே மாநிலத்தில் அது அன்றாட வழக்கமாகிவிட்டது.

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது நார்வேயின் ஆஸ்லோ நிலையம். 1998 அக்டோபரில் கார்டர்மோயனில் திறந்தார்கள். பனியாறு விட்டுச்சென்ற மணல்மேட்டின் மேல், அந்நாட்டின் மிகப்பெரிய நிலத்தடி நீர்த்தேக்கங்களில் ஒன்றுக்கு நேர் மேலே அது அமைந்திருக்கிறது. நிலத்தடி நீரின் தன்மை கெடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்தது. செறிவாகப் பிடிபடுவதை மீட்கிறார்கள். ஓடுபாதையோரம் சிதறுவதை மண்ணின் நுண்ணுயிரிகள் எவ்வளவு தாங்கும் என்று அளந்து, அதற்கு மேல் போகாமல் பார்க்கிறார்கள். நீர்த்த ஒரு பகுதி கழிவுநீர் நிலையத்துக்குப் போய், நைட்ரஜனை நீக்கும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. ஓடையைக் கொன்ற பசியை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

பிடித்த பிறகு நடப்பது ஏறத்தாழச் சாராயம் காய்ச்சும் வேலைதான். நீர் 100 டிகிரியில் கொதிக்கும். புரோப்பிலீன் கிளைகால் 188இல், எத்திலீன் கிளைகால் 197இல். முதலில் மணலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் வடிகட்டி, நீரை ஆவியாக்கி, எஞ்சியதைக் காய்ச்சி வடிக்கவேண்டும். சொல்ல எளிது. தொட்டிக்கு வருவது பெரும்பாலும் உருகிய பனிதான். நூற்றில் பத்துப் பங்கு கிளைகால் என்றால் ஒரு கிலோவை மீட்க ஒன்பது கிலோ நீரை விரட்டவேண்டும். அவ்வளவுக்கும் எரிபொருள் வேண்டும். ஆகவே தளத்திலேயே செறிந்தது, நீர்த்தது என்று பிரித்துப் பிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மிக நீர்த்ததைக் காய்ச்சுவது வீண்செலவு. அதை நகரக் கழிவுநீர் நிலையத்துக்கு அளந்து அனுப்புவார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நிலையம் காற்றில்லாக் கலனில் நுண்ணுயிரிகளுக்குக் கொடுத்து எரிவாயு எடுத்தது. ஜூரிக்கில் புல்வெளியின் மேல் தூவுகிறார்கள். லண்டன் ஹீத்ரோவில் 2000களின் தொடக்கத்தில் நாணல் வளர்த்தார்கள்; ஓடுபாதை நீர் அதன் வேர்களுக்கிடையே ஊறித் தெளிகிறது. ஆற்றங்கரை நாணலை உவமைகளில் மட்டுமே அறிந்த எனக்கு, அதன் வேர்கள் விமான நிலையத்தில் பணிபுரியும் செய்தி மகிழ்ச்சி தந்தது.

மறுசுழற்சி, மறுபயன்பாடு என்ற இரு சொற்களையும் நாம் மாற்றி மாற்றி எழுதுகிறோம். இங்கே அவை வேறு வேறு. டென்வரில் 99 விழுக்காட்டுத் தூய்மைக்கு மேல் வடித்தாலும் அது பெரிதும் வெளிச்சந்தைக்கு, வண்ணப்பூச்சு, பிசின், குளிர்விப்பி போன்றவற்றுக்குப் போகிறது. டொராண்டோவில் மீட்டது கார்க் கண்ணாடி கழுவும் திரவம் முதலியவற்றில் சேர்கிறது. இது மறுசுழற்சி. மியூனிக்கில் நடப்பது போலத் திரும்பவும் இறக்கைக்கே கொண்டுபோவது மறுபயன்பாடு. மான்ட்ரியாலிலும் பிற்பாடு அவ்வாறே செய்தார்கள். இது மிகக் கடினம். காரணம் வேதியியல் மட்டுமன்று. மீட்ட கிளைகாலில் புதிதாகச் சேர்க்கைகளைக் கலந்து, உறைநிலை, அரிப்பு, காற்றோட்டத்தில் வழியும் தன்மை எல்லாவற்றையும் புதுத் திரவத்துக்கான அதே தரவிதிப்படி சோதித்து, இது இறக்கைக்கு ஏற்றது என்று ஒருவர் கையொப்பமிடவேண்டும். நாளை விபத்து நேர்ந்தால் அந்தக் கையொப்பம் விசாரணைக்கு வரும். கெட்டிப்படுத்தியின் எச்சம் சிறிது தங்கினாலும் முதல் வகைத் திரவம் முதல் வகையாக இராது. எனவேதான் பல நிலையங்கள் தொல்லை வேண்டாம் என்று வெளியில் விற்றுவிடுகின்றன. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மியூனிக்கார்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து காட்டியிருப்பதால், முடியாது என்ற சொல்லுக்கு இடமில்லை.

கிளைகாலின் தூய்மை என்பது வெறும் ஆலைப் பேச்சு அல்ல என்று நமக்குச் சொல்லவேண்டியதில்லை. 1937இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்த மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2025இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் அதே நஞ்சு இருந்தது சோதனையில் தெரியவந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதற்கும் விமானத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே குடும்பத்துத் திரவங்கள் இவை. பீப்பாய்க்கு மேல் ஒட்டிய தாள் உண்மை சொல்கிறதா என்ற கேள்வி இரண்டிடத்திலும் ஒன்றே. மீட்ட கிளைகால் எங்கே போகலாம், எங்கே போகவே கூடாது என்ற கட்டுப்பாட்டைப் படிக்கும்போது அக்குழந்தைகளின் நினைவு வராமல் இல்லை.

சட்டத்தின் கதை அவ்வளவு பெருமைக்குரியது அன்று. 2009இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஏற்கெனவே இயங்கிவரும் நிலையங்களும் திரவத்தில் குறிப்பிட்ட பங்கைப் பிடிக்கவேண்டும் என்று வரைவு வெளியிட்டது. இடம் இல்லை, தாமதம் ஆகும், செலவு தாங்காது என்று எதிர்ப்பு எழுந்தது. 2012 மே மாதம் வந்த இறுதி விதியில் அந்தக் கட்டாயம் காணாமல் போயிருந்தது. குளிர்ப் பகுதியில் புதிதாகக் கட்டப்படும், ஆண்டுக்கு 10,000 புறப்பாடுகள் கொண்ட நிலையங்கள் மட்டும் பிடிக்கக்கூடிய திரவத்தில் 60 விழுக்காட்டைப் பிடிக்கவேண்டும். பெரிய நகரங்களுக்குப் புதிய விமான நிலையம் தலைமுறைக்கு ஒரு முறை வருவதே அரிது. பழைய நிலையங்களுக்கு அவற்றின் தனித்தனி உரிமங்களே விதி.

அவ்விதியின் சொல் விளக்கப் பகுதியில் ஒரு நுணுக்கம் உண்டு. பிடிக்கக்கூடிய திரவம் என்பது தெளித்த முதல் வகையில் 75 விழுக்காடு, நான்காம் வகையில் 10 விழுக்காடு. ஆரஞ்சில் பெரும்பகுதி தெளித்த இடத்திலேயே கொட்டிவிடுகிறது. வடிகால் அதற்காகக் காத்திருக்கிறது. பச்சை அப்படியன்று. அது விமானத்தோடு ஒட்டிக்கொண்டு கிளம்பவேண்டும் என்பதற்காகவே உருவானது.

அன்றிரவு மூதாட்டி கேட்டபோது நான் கவனித்திருக்கவேண்டியது அதைத்தான். விமானம் தளத்தை விட்டு நகர்ந்து ஓடுபாதையில் திரும்பி வேகம் எடுத்தது. ஜன்னலில் ஒட்டியிருந்த பச்சை நடுங்கி, நூல் நூலாகப் பின்னோக்கி ஓடியது. இறக்கையின் மேலும் அப்படியே, அலை அலையாக விளிம்பை நோக்கி ஓடி, இருட்டில் சிதறியது. மேலே எழும்பியபோது இறக்கை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கீழே ஓடுபாதையோரத்தில் பனி மூடிய புல் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. மூதாட்டி அதற்குள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.